அழுத்தியிருப்பியா?

அந்த வானொலி நிலையத்தில் அவளுக்குப் பட்டன் என்று பெயர். அடையாள அட்டையில் அப்பா வைத்த பெயர் இருந்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவளே ஒரு கணம் திரும்பிப் பார்த்து, யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று தேடுவாள்.

வேலை அப்படி. காலை நிகழ்ச்சியில் பேசுவது எதுவும் பேசிய மாத்திரத்தில் காற்றில் போய்விடாது. ஒரு பெட்டிக்குள் சில விநாடிகள் தங்கிவிட்டுத்தான் வெளியே போகும். அதற்குள் யாராவது சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டால் அவள் சிவப்புப் பட்டனை அழுத்த வேண்டும். பெட்டியிலிருந்த பேச்சு இருந்த இடம் தெரியாமல் போய்விடும். வீட்டில் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு நடுவில் கல் தடுக்கியது போல் இருக்கும், அவ்வளவுதான். ஊருக்கே தெரியாமல் ஊர் வாயைப் பொத்துகிற வேலை.

பெட்டிக்கு ஒரு குறை உண்டு. ஒரு தடவை அழுத்தினால் அது காலி. பேசுகிற பேச்சைக் காதுக்குத் தெரியாத அளவில் இழுத்து இழுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மறுபடி நிரப்பிக்கொள்ளும். அது நிரம்பும் வரை பட்டன் வெறும் பொம்மை. அதனால்தான், "கண்ட வார்த்தைக்கும் அழுத்தித் தீர்த்துடாதே, நிஜமான வார்த்தை வரும்போது கை வெறுங்கையா நிக்கும்" என்று சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள். எது கண்ட வார்த்தை, எது நிஜமான வார்த்தை என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. பட்டனில் உட்கார்ந்திருப்பவர் முடிவே முடிவு என்பது அங்கே வழக்கம்.

வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் அவள். மின்னணுவியல் படித்துப் பட்டம் வாங்கினாள். இந்த வேலை கிடைத்ததும், "எம்பொண்ணு கையிலதான் அந்த ரேடியோவே இருக்கு" என்று அம்மா தான் வேலை செய்யும் மூன்று வீடுகளிலும் சொல்லிவிட்டு வந்தாள். அம்மாவுக்கு அந்த வீடுகளில் பாத்திரம் கழுவி, தரை துடைத்து, துணி காயப்போடுகிற வேலை. நிலையத்தில் இது யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மறைத்தாளா என்று கேட்டால், அது அவளுக்கே சரியாகத் தெரியாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக்கின் முன் உட்கார்ந்திருப்பவருக்குக் காலை மாமா என்று பெயர். நிலையம் வைத்த பெயர்தான், ஆனால் தோலோடு ஒட்டிப்போய்விட்டது. அவர் மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுகிறார் என்று ஒரு பேச்சு உண்டு. தொப்பையும் துண்டுமாக வந்து உட்கார்ந்தார் என்றால், கறிகாய் நறுக்குகிறவர்களும் பேருந்துக்குக் காத்திருப்பவர்களும் பல்லைக் காட்டிக்கொண்டு கேட்பார்கள். அவருக்கு ஒரு பழக்கம். ஒரு வேடிக்கையின் முதல் பாதியைச் சொல்லிவிட்டுக் கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்ப்பார். பார்த்துவிட்டுத்தான் மீதிப் பாதி.

அன்றைக்குத் தலைப்பு, வீட்டில் காணாமல் போன பொருள்.

முதலில் ஒரு வேன் டிரைவர் போனில் பேசினான். சாவியைக் காணாமல் வீட்டையே புரட்டிப்போட்டு, பெண்டாட்டியோடு சண்டையும் போட்டு, கடைசியில் பார்த்தால் சாவி அவன் சட்டைப் பையிலேயே இருந்ததாம். "நான் ஒரு..." என்று தன்னைத்தானே ஒரு வார்த்தை சொல்லித் திட்டிக்கொண்டான். அவள் விரல் யோசிக்கவே இல்லை. சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. பெட்டி காலி.

அவள் தெருவில் அந்த வார்த்தைக்குக் கோபமே கிடையாது. சாப்பிட வராத பிள்ளையை அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். இருந்தாலும் அழுத்தினாள். அழுத்தியதைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை.

அடுத்து ஒரு அம்மா வந்தார்.

"மாமா, என் கம்மல் ஒண்ணக் காணோம் மாமா. தேடாத இடம் இல்ல."

"ஒத்தைக் கம்மலா? ஜோடியாப் போயிருந்தா ரெண்டும் சேந்து ஓடிப்போச்சுன்னு விட்டுடலாம். ஒண்ணு மட்டும் போயிருக்குன்னா யோசிக்கணும். ஏம்மா, வீட்டு வேலைக்கு யாராச்சும் வர்றாங்களா?"

"வர்றாங்க மாமா."

"அப்ப அது தொலையலம்மா. வீடு மாறியிருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயை மூடக்கூட நேரமில்லாமல் குபீரென்று வந்தது. மாமா கண்ணாடி வழியாகப் பார்த்தார். புருவத்தைத் தூக்கினார்.

"அடுத்த தடவ அவங்க வந்தா மறக்காம மீதிக் கம்மலையும் குடுத்தனுப்பிடுங்க. ஒத்தைக் காதை ஆட்டிக்கிட்டு எப்படி வெளிய போவாங்க, மானப்பிரச்சினை இல்லையா?"

போனில் அந்த அம்மா சிரித்தார். மாமா சிரித்தார். அவள் பெட்டியின் விளக்கைப் பார்த்தாள். பெட்டி பாதிகூட நிரம்பவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு நின்றது. அதுவும் ஏன் நின்றது என்று அவளுக்கு விளங்கவில்லை.

மத்தியானத்துக்குள் அந்தப் பேச்சு எல்லார் கைபேசியிலும் இருந்தது. சிலர் சிரிப்புப் படம் போட்டு அனுப்பினார்கள், சிலர் கோபப் படம் போட்டு அனுப்பினார்கள். ஒலி ஒன்றுதான். வீட்டு வேலை செய்யும் பெண்களின் சங்கத்திலிருந்து நான்கைந்து பேர் வந்து வாசலில் நின்றார்கள். சாயங்காலம் மேனேஜர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

மேனேஜர் நல்லவர். யார் மேலும் கோபப்படமாட்டார், யாருக்காகவும் எழுந்து நிற்கவும் மாட்டார்.

"உக்காரும்மா. பெட்டியப் பாத்தாச்சு. அந்த நேரம் காலியா இருந்திருக்கு. உன் மேல ஒரு தப்பும் இல்ல. அத நான் மேலயும் சொல்லிட்டேன்."

"சரி சார்."

"ஆனா தலைமை ஆபீஸ்ல ஒரே ஒரு கேள்வி கேக்கறாங்க. பெட்டி நிறைஞ்சிருந்தா நீ அழுத்தியிருப்பியா?"

அவள் தன் பட்டன் விரலைப் பார்த்தாள்.

"அழுத்தியிருப்பேன்னு நீ சொன்னா, மாமா எல்லை தாண்டிட்டாருன்னு அர்த்தம். அவர எடுத்துடுவாங்க. அழுத்தியிருக்க மாட்டேன்னு சொன்னா, அது எல்லைக்குள்ள இருந்த பேச்சு. ஒரு மன்னிப்பச் சொல்லிட்டு வேலையப் பாக்கலாம்."

"நீங்க என்ன சார் நினைக்கறீங்க?"

"நானா? நான் அந்த நேரம் பல்லு விளக்கிட்டு இருந்தேம்மா. சிரிக்கவும் இல்ல, கோபப்படவும் இல்ல. கொப்பளிச்சேன்." மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாளைக்குக் காலைல நிகழ்ச்சி முடிஞ்சதும் சொல்லு. ஆமா, இல்ல. ஒரு வார்த்தை போதும். நாளைக்கு மாமா வரமாட்டார், வெறும் பாட்டுதான்."

வெளியே தேநீர் இயந்திரத்தின் பக்கத்தில் காலை மாமா நின்றிருந்தார். இரண்டு கோப்பைகளில் தேநீர் பிடித்து ஒன்றை அவளிடம் நீட்டினார். தினமும் செய்கிறதுதான். இன்றைக்கு அதை வாங்குவதா வேண்டாமா என்பதே ஒரு யோசனையாக இருந்தது. வாங்கிக்கொண்டாள்.

"என்ன தங்கச்சி, தூக்கா, ஆயுளா?"

"தெரியல மாமா."

"நான் யாரு பேரையாச்சும் சொன்னேனா? ஒரு ஜாலிக்குச் சொன்னது. இதையெல்லாம் சொல்லக்கூடாதுன்னா அப்புறம் நான் மழை நிலவரம்தான் வாசிக்கணும். அதுலயும் மேகம் வந்து கோவிச்சுக்கும்." அவரே சிரிக்கவில்லை. கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தார். "ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதே. முதல் வரியோட நிறுத்தியிருப்பேன். நீ சிரிச்சே."

"நானா?"

"நீதான். வெளிய யாரு கேக்கறா, எவன் மூஞ்சி சுளிக்கறான், எனக்கு என்ன தெரியும்? சுவத்தப் பாத்துப் பேசற பொழப்பு. எனக்குத் தெரியற ஒரே மூஞ்சி உன்னோடதுதான். அது சிரிச்சா ஊரு சிரிக்குதுன்னு நினைச்சுக்குவேன்."

யோசிக்காமல் சொல்லிவிட்டாள். "எங்கம்மா அந்த வேலைதான் மாமா பாக்கறாங்க. மூணு வீட்டுல."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, குற்றம் சாட்டுகிற மாதிரி இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரி கேட்டார்.

"அப்ப ஏன் சிரிச்சே?"

அவள் தேநீரை ஒரு வாய் குடித்தாள்.

"முன்னாடியே சொல்லியிருந்தா நான் சொல்லியிருக்கவே மாட்டேனே தங்கச்சி" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் பேருந்தில் வரும்போது அந்த வாக்கியம்தான் அவளைப் போட்டுப் பிசைந்தது. அப்படியென்றால், அந்த அறையில் அப்படிப்பட்ட ஒருத்தி இல்லை என்று தெரிந்தால் சொல்லலாமா? அவள் இருந்தாளே. இருந்தும் சிரித்தாளே. வேறு யாராவது ஒரு பெண்ணின் அம்மா என்று நினைத்துச் சிரித்தாளா? அல்லது கம்மல் வீடு மாறுவது என்பதே சிரிப்பான விஷயமா? சிரிப்பைப் பிரித்துப் பார்க்கப் பார்க்க அது வெங்காயம் மாதிரி உரிந்துகொண்டே போனது. உள்ளே ஒன்றும் இல்லை, கண்தான் எரிந்தது.

வீட்டில் அம்மா தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். சோப்பில் ஊறிய விரல்நுனிகள் வெளுத்து, கோடு கோடாக வெடித்திருந்தன.

"காலைல ரேடியோ கேட்டியாம்மா?"

"கேக்காம? மாடி வீட்டுல இருந்தேன். கம்மல் கதைதானே? கையில சோப்பு நுரையோட நின்னு சிரிச்சேன்."

"சிரிச்சியா? உனக்குக் கோபம் வரலையா?"

"எதுக்கு வரணும்? நீதான் அங்க இருக்கியே. தப்பான பேச்சா இருந்தா எம்பொண்ணு விட்டிருப்பாளா? நீ விட்டேன்னா அது விளையாட்டுப் பேச்சுத்தான்னு நான் பாட்டுக்குச் சிரிச்சேன்."

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அவள் சிரித்ததால் மாமா இரண்டாவது வரியைச் சொன்னார். அவள் விட்டதால் அம்மா சிரித்தாள். அப்படியானால் தான் யாரைப் பார்த்துச் சிரித்தோம்?

"அப்புறம்தாண்டி ஒரு மாதிரி ஆயிடுச்சு" என்றாள் அம்மா, காம்பைக் கிள்ளிக்கொண்டே. "மாடி வீட்டம்மாவும் சிரிச்சுட்டுத்தான் இருந்தாங்க. திடீர்னு திரும்பி என்னப் பாத்தாங்க. பாத்ததும் டக்குனு ரேடியோவ நிறுத்திட்டாங்க. 'உன்னச் சொல்லலம்மா, நீ அப்படி இல்லன்னு எங்களுக்குத் தெரியாதா'ன்னாங்க. நான் கேட்டனா? அது வரைக்கும் அது யாரோ ஒருத்தியப் பத்தின வேடிக்கை. அவங்க நிறுத்தினாங்க பாரு, அப்பத்தான் அது என்னப் பத்தின பேச்சு ஆச்சு."

"ஐயோ."

"இன்னும் கேளு. அவங்க மாவு பிசையறப்ப மோதிரத்தக் கழட்டி ஜன்னல் மேடையில வைப்பாங்க. நான் அங்க சேந்த நாள்ல இருந்து அப்படித்தான். இன்னைக்குக் கழட்டினவங்க, கையோட எடுத்துட்டுப் போய் உள்ள வச்சுட்டு வந்தாங்க. எம்மேல சந்தேகமா, இல்ல அது அங்க கெடந்தா எனக்குச் சங்கடமா இருக்கும்னு நினைச்சாங்களா? பாத்திரம் கழுவி முடிக்கற வரைக்கும் இதே ரோசனை. ஒரு டம்ளர ரெண்டு தடவ கழுவிட்டேன்."

அவள் மேனேஜர் கேட்டதைச் சொன்னாள். பெட்டியைப் பற்றியும், சங்கத்துப் பெண்கள் வாசலில் வந்து நின்றதையும் சொன்னாள். அம்மா கத்தியை வைத்துவிட்டு முழுதாகக் கேட்டாள்.

"சரி, அழுத்தியிருப்பியா?"

"அதாம்மா தெரியல."

"அழுத்தியிருந்தா அந்தம்மா காதுல விழுந்திருக்காது. மோதிரம் அங்கயே கெடந்திருக்கும்." அம்மா யோசித்தாள். "ஆனா அவங்க மனசுல அது இல்லாமயா, சொன்னதும் சிரிச்சாங்க? அப்படிப் பாத்தா நானும்தான சிரிச்சேன். எம்மனசுல என்ன இருந்துச்சு? போடி, எனக்குத் தலை சுத்துது."

"அவர வேலைய விட்டு எடுத்துடுவாங்கம்மா, நான் ஆமான்னு சொன்னா."

"ஐயையோ, வேண்டாம்டி. அந்த ஆளு குரல் இல்லன்னா காலைல எனக்குக் கையே ஓடாது." கத்தியை மறுபடி எடுத்தாள். "அதுக்காகச் சும்மாவும் விட்டுடக் கூடாது. சங்கத்துக்காரங்க வந்து நின்னாங்கன்னா அவங்களுக்கும் ரோஷம் இருக்குல்ல?"

"விடவும் கூடாது, எடுக்கவும் கூடாதுன்னா எப்படிம்மா?"

"அதுக்குத்தான உன்னப் படிக்க வச்சது?"

மறுநாள் காலையில் வெறும் பாட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் பட்டனுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். வேன் டிரைவர் ஞாபகம் வந்தது. அவன் யாரையும் வையவில்லை. அவன் சொன்ன வார்த்தையால் யாருடைய மோதிரமும் இடம் மாறியிருக்காது. அதை வெட்ட அவளுக்குக் கண் இமைக்கிற நேரம்கூட ஆகவில்லை. சுத்தமான வார்த்தைகளில், நல்ல உச்சரிப்பில், சிரித்த முகத்தோடு வந்ததற்கு அவளும் சேர்ந்து சிரித்தாள். அசிங்கம் என்றால் அது தன் தெருவிலிருந்துதான் வரும் என்று இந்த விரலுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? கல்லூரியா? அதற்கும் முன்னாலேயா? அல்லது இப்படியெல்லாம் யோசிப்பதே, இரண்டாவது வரிக்குக் காரணம் தான் இல்லை என்று ஆக்கிக்கொள்ளத்தானா? ஒரு பக்கம் சரி என்று பட்டதெல்லாம் மறுபக்கம் திருப்பினால் சாக்குப்போக்காகத் தெரிந்தது.

மேனேஜர் அறைக்குப் போனாள்.

"அழுத்தியிருக்க மாட்டேன் சார்."

மேனேஜர் மூச்சு விட்டார். "நல்லது. அவ்வளவுதான். போய்..."

"இன்னும் முடிக்கல சார். நான் சிரிச்சுட்டு இருந்தேன். சிரிச்சுட்டு இருக்கறவ எங்க அழுத்துவா? அதான் மாட்டேன்னு சொன்னேன். ஆனா அது எல்லைக்குள்ள இருந்துச்சுன்னு நான் சொல்லல."

"பின்ன வெளிய இருந்துச்சா?"

"அதையும் சொல்லல சார். எங்கம்மா அந்த வேலைதான் பாக்கறாங்க. அவங்களும் முதல்ல சிரிச்சாங்க. அப்புறம் அவங்களால சிரிக்க முடியல. ஆனா மாமாவ எடுக்கவும் கூடாதுங்கறாங்க, விடவும் கூடாதுங்கறாங்க."

மேனேஜர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்மா, நான் ஆமா இல்லன்னு ஒரு வார்த்தை கேட்டேன். நீ வீட்டோட கூட்டிட்டு வந்து நிறுத்தறே. இதுல எத நான் மேல அனுப்பறது?"

"முழுசையும் அனுப்புங்க சார்."

"முழுசா அனுப்பினா யாரும் படிக்க மாட்டாங்கம்மா."

அவர் 'மாட்டேன்' என்பதை மட்டும் அனுப்பினார். மாமா பிழைத்தார்.

அடுத்த நாள் மாமா வந்து மைக் முன்னால் உட்கார்ந்தார். யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துவதாகச் சொன்னார். எழுதிக் கொடுத்ததைத்தான் சொன்னார். ஆனால் கடைசி வரி கொஞ்சம் நடுங்கிற்று. அதற்குப் பிறகு ஒரு பெண் பேச வந்தாள். தன் கணவனுக்குத் தலையில் முடி கொட்டுகிறதாம், அதற்கு ஒரு வழி கேட்டாள்.

"கொட்டினா என்னம்மா, சீப்புச் செலவு மிச்சம்" என்றார் மாமா. கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்ததும் அதைப் பிடித்து நிறுத்தினாள். வழுக்கையைச் சொல்லலாமா? சொல்லலாம்தான். எல்லாரும் சொல்கிறார்கள். எல்லாரும் சொல்கிறார்கள் என்பது ஒரு கணக்கா? அந்தக் கணவன் எங்கேயாவது பேருந்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தால்? பக்கத்தில் இருப்பவன் திரும்பி அவன் தலையைப் பார்த்தால்? இவ்வளவும் ஓடி முடிவதற்குள் அவள் முகம் என்ன ஆனதோ, மாமாவுக்கு இரண்டாவது வரி வரவில்லை. வாய் திறந்தபடி இருந்தது. பிறகு, "நல்லா எண்ணெய் வையுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டார்.

பாட்டு ஓடும்போது, அவர்கள் இருவருக்கு மட்டும் கேட்கிற உள்மைக்கில் அவர் குரல் வந்தது. "தங்கச்சி, கொஞ்சம் சிரியேன். கல்லுச்சுவரு மாதிரி உக்காந்திருந்தா நான் யாருகிட்டப் பேசறது?"

"யோசிக்கறேன் மாமா."

"யோசிச்சு வர்றது சிரிப்பா?"

"இல்லதான் மாமா."

"கோவமா எம்மேல?"

"அப்படின்னும் சொல்ல முடியல."

அவர் தலையைச் சொறிந்துகொண்டார். அன்றைக்குப் பேச்சு குறைந்து, பாட்டுக்கு மேல் பாட்டாகப் போயிற்று.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது அம்மா குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மன்னிப்புக் கேட்டார்மா. கேட்டியா?"

"கேக்காம விடுவாங்களா? மாடி வீட்டம்மா ஓடிவந்து சத்தத்தக் கூட்டி வச்சாங்க. வச்சுட்டு எம்மூஞ்சியவே பாத்துட்டு நிக்கறாங்க. நான் என்னடி பண்றது? சரி, மன்னிச்சுட்டேன்னு சொல்லணுமா? யாருகிட்டச் சொல்றது, ரேடியோகிட்டயா? கையத் துடைச்சுட்டு நின்னேன்." குடத்தைக் கவிழ்த்தாள். "அது கெடக்கட்டும். அப்புறம் ஏன் அந்த ஆளு பேசவே இல்ல? ஒரே பாட்டு. மூணு வீட்டுலயும் வேலை நகரல. நீ எதையாச்சும் அழுத்திட்டியா?"

"இல்லம்மா. ஒண்ணையும் அழுத்தல."

"பின்ன?"

"நான் சிரிக்கலம்மா."

அம்மா ஈரக் கையோடு அவளைப் பார்த்தாள். புரிந்ததா புரியவில்லையா என்று அந்த முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

"நாளைக்குச் சிரி" என்றாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டடி போனவள் நின்றாள். "பாத்துச் சிரி."

"எதப் பாத்தும்மா?"

"எனக்கென்னடி தெரியும்?" என்று சொல்லிக்கொண்டே அம்மா குழாயடிக்குப் போனாள்.